எரிந்த மணத்தோடு வெள்ளாங்குளம் வரை அறுபத்திரண்டு கிலோமீற்றர்

போன மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஏழு பத்துக்கு, நானும் என் மனைவி எலிசாவும் பேசாலையில் இருந்து வெள்ளாங்குளத்துக்கு எங்கள் காரில் புறப்பட்டோம். போகவேண்டாம் என்று தடுத்தவர்கள் மொத்தம் பதினான்கு பேர். (எலிசா இதை வாசித்துவிட்டு நாலு பேர் என்கிறாள். அவள் வீட்டுக்குள் நின்றவர்களை மட்டும் எண்ணுகிறாள். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னவர்களை நான் விடவில்லை.) அத்தனை பேரும் சொன்ன காரணம் ஒன்றுதான். காருக்குள் ஏதோ எரிகிற மணம் வருகிறது.

அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் இந்தப் பயணம். மன்னாருக்கு வருகிறவர்கள் பெருக்கமரத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள், கோட்டையைச் சுற்றுகிறார்கள், கழுதைக்கு பிஸ்கற் கொடுக்கிறார்கள், ஊருக்குத் திரும்பிப் போய் அதை எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் முப்பது வயது தாண்டிய காரில், உள்ளே மணம் கிளம்பக் கிளம்ப, தீவை விட்டிறங்கி ஏ-32 வீதியால் வடக்கே ஓடியவன் எழுதியதை நான் எங்கும் காணவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு கடலுக்கு இறங்கியவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். கார் விஷயத்தில் பிழை இருக்காது.

முதலில் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் ஒரு காலத்தில் வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி. கடலை விட்ட வருடம் வள்ளத்தை விற்றுத்தான் இந்தக் காரை வாங்கினேன். கரும்பச்சை நிறம், ஜப்பான்காரன் மனம் வைத்துச் செய்த காலத்துத் தகடு. எங்கள் தீவில் காருக்குச் சத்துரு உப்புக்காற்று. புதுக்காரென்று வாங்கி மூன்று வருடம் விட்டால் அடித்தகடு அப்பளம் மாதிரி உதிரும். என் காருக்கு அது நடக்கவில்லை. ஏனென்றால் வள்ளத்தின் அடியை எப்படிப் பார்த்தேனோ, அப்படித்தான் காரின் அடியையும் பார்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் மாரி மழை ஓய்ந்ததும் சுரண்டி, கழுவி, காயவிட்டு, எண்ணெய் பூசுவேன். இந்த வருடம் வழமையைவிட நன்றாகவே பூசியிருந்தேன்.

இந்தக் கார் போனால் எங்களுக்கு என்ன போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலிசாவுக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. பஸ் படி அவளுக்கு மலை. அவளுடைய ஒரே தங்கை பிலோமினா இருப்பது வெள்ளாங்குளத்தில். மாதத்தில் ஒரு நாள் அக்காவும் தங்கையும் முகம் பார்ப்பது இந்தக் காரால்தான். கார் இல்லையென்றால் மருமகனுடைய ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு நாங்கள் வாசலில் காத்திருக்கவேண்டும். மருமகன் நல்ல பிள்ளை. பட்டினத்தில் கந்தோர் வேலை, வெள்ளை நிறத்தில் சத்தமே இல்லாமல் ஓடுகிற புதுக்கார். ஆனால் கடலில் காற்றைக் கேட்டுத் திசை எடுத்தவன் ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வெளிக்கிடமாட்டான்.

இரண்டு கிழமையாய் மணம் வந்துகொண்டிருந்தது. வியாழன் பின்னேரம் மருமகன் வீட்டுக்கு வந்து, பொனற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"மாமா, இது வயர் எரியிற மணம். நடு றோட்டில பத்தினால் என்ன செய்வியள்?"

"பத்தினால் இறங்குவம்."

"மாமி அந்த முழங்காலோட எப்பிடி இறங்குவா?"

நான் குனிந்து சாரத்து நுனியால் பொனற்றைத் துடைத்தேன். அந்த இடைவெளியில் அவர் மற்றதையும் சொல்லிவிட்டார். பழைய இரும்புக்குக் கார் எடுக்கிற ஆள் ஒருவருடன் கதைத்தாயிற்றாம். சனி காலை ஒன்பது மணிக்கு வருவாராம்.

இரும்புக்கு! என் காரை!

"தம்பி," என்றேன், "நாளைக்குப் பொழுதுபட முதல் அந்த மணம் எங்கயிருந்து வருதெண்டு கண்டுபிடிக்கிறன். கண்டுபிடிக்காட்டி சாவியை இந்த மேசையில வைக்கிறன்."

"கண்டுபிடிச்சிட்டன் எண்டு நீங்கள் சொன்னால் காணாது மாமா. மணம் நிக்கோணும்."

"நிக்கும்."

வெள்ளி காலை எலிசா முதல் செய்த வேலை, கொட்டிலுக்குள் போய் ஐந்து லீற்றர் கான் தேடியது. நெருப்புப் பிடித்தால் ஊற்றத் தண்ணீர் வேண்டுமாம்.

"இஞ்சருங்கோ, இதுக்குள்ள இருந்த நீலக் கான் எங்க?"

எனக்கு அந்த நேரம் ரயரில் காற்றுப் பார்க்கிற அவசர வேலை இருந்தது. அவள் வேறொரு வெள்ளைக் கானில் தண்ணீர் நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டு ஏறி அமர்ந்தாள்.

பேசாலையில் இருந்து தாராபுரம் என் மீற்றர்படி பதின்மூன்று கிலோமீற்றர். (என் மீற்றர் கொஞ்சம் தாராள மனம் உள்ளது. நூற்றுக்கு இரண்டு, மூன்று கூட்டிச் சொல்லும்.) வழியில் கழுதைகள் வீதிக்குக் குறுக்கே படுத்திருந்தன. ஹோன் அடித்தால் எழும்பாது. இறங்கிப் போய் மரியாதையாய்க் கேட்கவேண்டும். அப்படி நின்ற ஐந்து நிமிடத்துக்குள் மணம் வந்துவிட்டது. அதன் குணத்தைச் சொல்கிறேன், உங்கள் காருக்கும் உதவும். புறப்பட்டவுடன் ஒன்றும் இருக்காது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்லக் கிளம்பும். ஓடும்போது குறையும். நின்றால் கூடும்.

தாராபுரத்தில் காசிம் நானாவின் கராஜ். தீவில் என் காரைத் தொட நான் அனுமதித்திருக்கிற ஒரே கை அவருடையது. எட்டு மணிக்கு அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தார்.

"வாங்க சம்மாட்டி. இன்னும் இதையா ஓட்டுறீங்க? என்ட வாப்பா மௌத்தாகி ஒம்பது வருசம். அவர் ஸ்பனர் வச்ச காரு இது."

"உங்கட வாப்பா வைச்ச ஸ்பனர் நல்ல ஸ்பனர் நானா. இப்ப ஒரு மணம் வருது. அதை மட்டும் பாருங்கோ."

ஒரு மணித்தியாலம் பார்த்தார். பியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாய்த் தடவினார். பெல்ற்றை மோந்தார். நான்கு சில்லிலும் புறங்கையை வைத்து பிறேக் இறுகிச் சூடாகிறதா என்று பார்த்தார். கிளச்சை மிதித்து விட்டார். எஞ்சினை ஓடவிட்டு, கதிரை ஒன்றைப் போட்டு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"எரியிற மணம் வருது. உண்மைதான்."

"அது எனக்கும் வருது நானா. எங்க இருந்து?"

குனிந்து ரோர்ச் அடித்து அடியையும் பார்த்தார். "அடி என்ன இப்பிடி மினுங்குது? கலியாணப் பொண்ணு மாதிரி."

"பராமரிப்பு," என்றேன்.

கடைசியில் அவர் தீர்ப்புச் சொன்னார். எங்கோ உள்ளே வயர் சூடாகிறது, டாஷ்போட்டை முழுக்கக் கழற்றவேண்டும், மூன்று நாள் செல்லும். "இண்டைக்கு ஜும்ஆ. பதினொன்றரைக்குப் பூட்டிருவன். காரை இஞ்ச விட்டுட்டுப் போங்க. தூரம் மட்டும் போகாதீங்க சம்மாட்டி. வயர் எரிஞ்சா சொல்லிட்டு எரியாது."

மூன்று நாள். எனக்கு இருந்தது பொழுதுபடும் வரை. நான் எலிசாவைப் பார்த்தேன். அவள் தண்ணீர்க் கானை மடியில் நேராக்கி வைத்தாள்.

"என்னைப் பாக்காதேங்கோ. இருபத்தைஞ்சு வருசம் உங்களைக் கடலுக்கு விட்டிட்டுக் கரையில நிண்டனான். ஒரு காருக்கு நான் பயப்பிடுறதோ? பிலோ நண்டு வாங்கி வைச்சிருக்கிறாள். எடுங்கோ காரை."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த கட்டளைகளில் இதுதான் சிறந்தது. ஒன்பது ஐந்துக்குத் தாராபுரத்தை விட்டோம்.

பட்டினம் தாண்டிப் பாலத்தில் ஏறும்போது ஒன்பது இருபத்தைந்து. மாசியில் வருகிறவர்கள் இங்கே மெதுவாய் ஓடுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீரில் பூநாரைகள். அன்றைக்கு ஐயாயிரமாவது நின்றிருக்கும். (எலிசா இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளும் எண்ணத் தொடங்கி விட்டுவிட்டாள்.) பாலத்துக் காற்று ஒரு கண்ணாடியால் நுழைந்து மறு கண்ணாடியால் போனது. மணம் மாயம். "பாத்தியோ, போயிட்டுது," என்றேன். "காத்து நிண்டாப் பிறகு சொல்லுங்கோ," என்றாள்.

தள்ளாடியில் இடதுபக்கம் திரும்பினால் ஏ-32. நல்ல வீதி, வளைவு குறைவு. ஆனால் மாசி, பங்குனியில் இந்த வீதிக்கு இன்னொரு உரிமைக்காரர் உண்டு. நெல். காலபோக வெள்ளாண்மை வெட்டி முடிந்ததும் வீதியின் ஒரு பாதியில் படங்கு விரித்து நெல் காயப்போடுவார்கள். கற்களை வரிசையாய் வைத்து எல்லை போடுவார்கள். அந்தக் கல்லுக்கு நாங்கள்தான் விலகவேண்டும், அதுதான் இங்கத்தைய சட்டம். விடத்தல்தீவுக்குக் கொஞ்சம் முன்னால் அப்படி விலகும்போது, ஓரத்தில் கிடந்த வைக்கோல் மேல் ஏறிப் போனோம். அடுத்த நிமிடம் மணம் வந்தது. முன்பைவிடப் பலமாய்.

எனக்குள் மின்னல் வெட்டியது. வைக்கோல்! இந்த மாதம் முழுக்க வைக்கோல் மேல் ஓடுகிறேன். அடியில் சிக்கிய வைக்கோல் சூட்டுக்குக் கருகுகிறது. காரை நிறுத்தி, ஒரு சாக்கை விரித்து, தடி ஒன்றோடு பாதி உடம்பை அடியில் விட்டேன். ஒரு பிடி வைக்கோல் வந்தது. நுனி கருகியிருந்தது! அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். நெல்லுக்குக் காவல் நின்ற ஒரு பெண் மண்வெட்டியோடு வந்து பார்த்தா.

"என்ன ஐயா, காருக்குக் கீழ?"

"உங்கட வைக்கோல் பிள்ளை. என்ர காரைக் கொளுத்தப் பாத்தது."

"என்ர வைக்கோல் தன்ர பாட்டில கிடந்தது. நீங்கள்தான் ஏறினீங்கள். மாடு தின்னுற சாமான், தாங்கோ இஞ்ச." வாங்கிக்கொண்டு போய்விட்டா.

நான் அந்த இடத்திலேயே மருமகனுக்கு அழைப்பு எடுத்தேன். கந்தோரில் கூட்டமாம், குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

"கண்டுபிடிச்சாச்சு தம்பி! வைக்கோல். எடுத்தெறிஞ்சாச்சு. அந்த ஆளை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"மணம் நிண்டிட்டுதோ மாமா?"

"நிண்ட மாதிரித்தான்."

"மாதிரியோ?"

"வைக்கிறன் தம்பி, வீதியில வாகனம் வருது."

வீதியில் அப்போது ஒரு சைக்கிள்கூட இல்லை. விடத்தல்தீவு தாண்டி இலுப்பைக்கடவை வரும்வரை நான் சும்மா பேசிக்கொண்டே ஓட்டினேன். ஒரு மாடு குறுக்கே வர நிறுத்தினேன். மணம் உள்ளே வந்து எங்களோடு அமர்ந்தது. எலிசா கானின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டாள்.  அந்தத் திறந்த கான் எனக்கு அந்த மணத்தைவிடக் கஷ்டமாய் இருந்தது. அறிவித்த பிறகு தோற்பது, அறிவிக்காமல் தோற்பதைவிட இரண்டு மடங்கு. ஆனாலும் நான் திரும்பவில்லை. காற்றுக்கு எதிராய்ப் பாதி தூரம் வந்தவன் திரும்பினாலும் அதே தூரம்தான்.

வெள்ளாங்குளம் சந்தியில் மணி பத்து ஐம்பத்தைந்து. மீற்றர் அறுபத்திரண்டு காட்டியது. பிலோமினா வீடு அங்கிருந்து உள்ளுக்கு ஒரு கிலோமீற்றர். இந்த மணத்தோடு அவள் வாசலுக்குப் போனால் மருமகனுக்குச் செய்தி எனக்கு முதல் போய்விடும். ஆகவே கொஞ்சம் ஆறட்டும் என்று சந்தியடித் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் காரை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே பொனற்றைத் தூக்கினேன்.

கடைக்காரப் பெண் வெளியே வந்தா. ஐம்பது வயது இருக்கும். நெற்றி நிறைய விபூதி. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தா. பெயர் தவமணி என்று பிறகு தெரிந்துகொண்டோம். மல்லாவிப் பக்கத்தில் பிறந்து, பிறந்த நாள் தொட்டு மச்ச மாமிசம் தொடாதவ.

"ஐயா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ர கடை வாசலில ஆர் மீன் பொரிக்கிறது?"

நான் சுற்றிவரப் பார்த்தேன். "மீனோ? எங்க?"

"எங்கயோ? உங்கட காருக்குள்ளதான்!"

"அது எரியிற மணம் தங்கச்சி. வயர்."

"வயரோ? வயர் எரிஞ்சால் எனக்குத் தெரியாதோ? இது மீன். மீனெண்ணெயைச் சட்டியில விட்டுக் கருக்கினால் வாற மணம். வயித்தைப் பிரட்டுது. எடுங்கோ காரை!"

நானும் எலிசாவும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம். எனக்கு எரிகிற மணம் வந்தது. அவளுக்கும் அதுதான். மீன்? துளியும் இல்லை.

தவமணிக்குக் கோபத்துக்கு மேலால் சிரிப்பு வந்தது. "நீங்கள் எந்த ஊர்?"

"பேசாலை."

"பின்ன உங்களுக்கு எப்பிடி மீன் மணக்கும்?"

அந்த இடத்தில் எலிசா மெதுவாய் என் பக்கம் திரும்பினாள். முப்பத்தெட்டு வருடக் கலியாணத்தில் அந்தத் திரும்பலை நான் மூன்று தரம் பார்த்திருக்கிறேன்.

"இஞ்சருங்கோ. அந்த நீலக் கான் எங்க?"

சரி. சொல்கிறேன். எழுதவந்த பிறகு ஒளிக்கக்கூடாது.

நீலக் கானுக்குள் இருந்தது சுறா ஈரல் எண்ணெய். மரவள்ளங்கள் இருந்த காலத்தில் அதைத்தான் அடிக்குப் பூசுவோம். உப்பு அண்டாது, பலகை உக்காது. பைபர் வள்ளம் வந்த பிறகு அதை யாரும் தேடவில்லை. மற்ற வருடங்களில் காருக்குக் கழித்த எஞ்சின் எண்ணெய் பூசுவேன். இந்த வருடம் கொட்டிலில் அந்தக் கானைக் கண்டேன். மரத்தைக் காத்தது தகட்டைக் காக்காதா? பூசினேன். வள்ளத்துக்குப் பூசும்போது ஓர் அங்குலம் விட்டாலும் கடல் அந்த அங்குலத்தால் வரும் என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். அதனால் நானும் ஓர் அங்குலமும் விடவில்லை. சைலன்சர் பைப்பையும் விடவில்லை. அதுதான் ஆக மெலிந்த தகடு என்று அதற்கு மட்டும் இரண்டு தரம் பூசினேன். வள்ளத்துக்கு அடி எந்நேரமும் தண்ணீரில். சூடாகிற அடியை நான் கண்டதில்லை. இந்த ஒன்று மட்டும் என் கணக்கில் வரவில்லை.

ஆனால் மணத்தை அறியாதது என் குற்றம் மட்டுமில்லை. தடுத்த பதினான்கு பேரில் ஒருவர் மீன் என்று சொன்னாரா? பிறேக்கை மோந்த காசிம் நானா சொன்னாரா? தீவில் பிறந்து தீவில் வளர்ந்த மருமகன் சொன்னாரா? எங்களுக்குக் கருவாடு காய்வதும் வலை உலர்வதும் மீன்வாடி அடுப்பு புகைவதும் மணம் இல்லை. அது காற்று. அந்தக் காற்றைக் கழித்துவிட்டால் மிச்சம் எரிகிற மணம் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு எல்லோரும் வயரைத் தேடினோம்.

எஞ்சினை நிறுத்தி அடியில் படுத்துப் பார்த்தேன். பைப் நெடுகக் கருகின சீனிப்பாகு மாதிரிக் கொப்பளித்துக் கிடந்தது. தவமணி பெரிய மனுசி. காரை முப்பது யார் தூரம் தள்ளி, காற்று கடைக்கு வராத பக்கம் விடவேண்டும் என்பது மட்டும்தான் அவவுடைய நிபந்தனை. பிறகு அடுப்புச் சாம்பல், தேங்காய்த் தும்பு, சட்டி கழுவுகிற சோப், ஒரு வாளி சுடுதண்ணீர் எல்லாம் கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டுப் போனா. பைப் ஆற அரை மணித்தியாலம். உரஞ்ச ஒரு மணித்தியாலம். எலிசா கதிரையில் இருந்துகொண்டு, நெருப்புக்கென்று கொண்டுவந்த தண்ணீரைப் பைப்புக்கு ஊற்றினாள். ஊற்றும்போது என் முகத்திலும் கொஞ்சம் விழுந்தது. தவறுதலாய் என்று சொன்னாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு எஞ்சினைத் திரும்ப ஓடவிட்டு, இருபது நிமிடம் நிறுத்தவில்லை. பிறகு தவமணியைக் கூப்பிட்டேன். தலைப்பை எடுத்துவிட்டு, காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தா. கோவில் வீதி சுற்றுகிற மாதிரி நிதானமாய். 

"இப்ப பெற்றோல் மணம்தான்," என்றா. கடைசியாய் என் பக்கத்தில் நின்று மூக்கைச் சுளித்தா. "மிச்சம் உங்களில."

மருமகனுக்கு அழைப்பு எடுத்தேன். "கண்டுபிடிச்சாச்சு தம்பி."

"காலமையும் கண்டுபிடிச்சனீங்கள்தானே மாமா."

சொல்லப்போனால் நியாயமான பேச்சு. நான் போனைத் தவமணியிடம் நீட்டினேன்.

"தம்பி, நான் வெள்ளாங்குளத்தில கடை வைச்சிருக்கிறன். உங்கட மாமா காருக்கு அடியில மீன் பொரிச்சவர். இப்ப சட்டி கழுவியாச்சு. ஓம், நான் சைவம். எனக்கு அரைக் கட்டை தூரத்தில மீன் வந்தாலும் தெரியும். இனி மணக்காது. வைக்கட்டோ?"

வைத்துவிட்டா. பிலோமினா வீட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை. நண்டு ஆறியிருந்தது. தங்கை மூக்கைப் பிடிக்கவில்லை, அவளும் பேசாலையில் பிறந்தவள்தான். அக்காவும் தங்கையும் இரண்டு மணித்தியாலம் என்னைப் பற்றிச் சிரித்தார்கள். எலிசா இவ்வளவு சிரித்து நான் கனகாலம் காணவில்லை. அதற்காக இன்னொரு கான் எண்ணெய் பூசவும் நான் தயார்.

மூன்று நாற்பதுக்குத் திரும்பினோம். ஐந்தரைக்குத் தாராபுரம். கந்தோர் முடிந்து மருமகன் தன் வெள்ளைக் காரோடு காசிம் நானாவின் கராஜில் நின்றார். என் காரைக் குழிக்கு மேல் ஏற்றினார்கள். இருபது நிமிடம் ஓடவிட்டார்கள். மணம் இல்லை. மருமகன் பைப்புக்கு அரை அடிக்குள் மூக்கைக் கொண்டுபோனார். மணம் இல்லை.

"யா அல்லாஹ், மீனா?" காசிம் நானா தலையில் கை வைத்தார். "எனக்கு வந்ததுதான் சம்மாட்டி. நான் பக்கத்து ஊட்டு அடுப்புண்டு நினைச்சன்."

பிறகு குழிக்குள் இறங்கி, ஸ்குறூ றைவரால் என் காரின் அடித்தகட்டைத் தட்டினார். டங், டங் என்று கோவில் மணி மாதிரிக் கேட்டது. ஓரம், மூலை, கதவுக்குக் கீழ், எங்கும் துரு இல்லை. "இந்த அடியை இரும்புக்கா குடுக்கப் போனீங்க?" என்று கீழிருந்து கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. மருமகன் தன் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

நான்தான் சொன்னேன். "வந்ததுக்கு அந்தப் புதுக்காரையும் ஒருக்கா ஏத்துங்கோ நானா."

வாங்கி மூன்று வருடம். ஸ்குறூ றைவர் தொட்ட இடத்தில் டங் கேட்கவில்லை. பொருக்குப் பொருக்காய் துரு விழுந்தது. ஒரு பிடி இருக்கும். காசிம் நானா அதைக் கையில் ஏந்தி மேலே நீட்டினார். மருமகன் அதை வாங்கிப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. (எலிசா இதை வாசித்துவிட்டு, "உண்மைதான், அது ஒண்டு அதிசயம்" என்கிறாள்.)

சனி காலை ஒன்பது மணிக்கு இரும்புக்காரர் சொன்னபடி வந்தார். தேத்தண்ணி கொடுத்து, காரில் ஏற்றி, சந்திவரை ஓட்டிக் காட்டி, இறக்கிவிட்டேன். விலை கேட்டார். சிரித்தேன்.

இனி இந்த வழியால் வரப்போகிறவர்களுக்கு. பேசாலை முதல் வெள்ளாங்குளம் நிற்காமல் ஓடினால் ஒன்றரை மணித்தியாலம், போய்வர என் காருக்குப் பத்து லீற்றர் பெற்றோல், புதுக்காருக்குக் குறையும். தள்ளாடிக்குப் பிறகு கடைகள் ஐதாய்த்தான் இருக்கும், தண்ணீர் கொண்டுபோங்கள். மாசி, பங்குனியில் வீதி நெல்லுக்கு விலகுங்கள், வைக்கோல் மேல் நிறுத்தவேண்டாம். எரிகிற மணம் வந்தால் முதலில் அது எப்போது வருகிறது என்று பாருங்கள். பிறேக் பிடிக்கும்போதா, கிளச் மிதிக்கும்போதா, நிற்கும்போதா? பிளாஸ்ரிக் கருகுகிற மணமென்றால் என்னை மாதிரி வீரம் காட்டவேண்டாம். அந்த இடத்திலேயே நிறுத்தி, இறங்கி, பற்றரி வயரைக் கழற்றுங்கள். அன்றைக்கு அது வயராய் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன், அது எனக்கும் தெரியும். மற்றது, மணத்தை உங்கள் ஊர் மூக்குக்குக் காட்டாதீர்கள். அறுபது கிலோமீற்றர் தள்ளியிருக்கிற ஒரு மூக்குக்குக் காட்டுங்கள். வெள்ளாங்குளம் சந்தியில் அப்படி ஒரு மூக்கு இருக்கிறது. பிளேன் ரீயும் உளுந்து வடையும் நன்றாய் இருக்கும். மாதத்தில் ஒரு நாள் நாங்கள் அங்கே நிறுத்துகிறோம். தவமணி வெளியே வந்து, காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தேத்தண்ணி போடுவா.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். முற்றத்தில் வெள்ளைக்கார் நிற்கிறது. அதற்கு அடியில் இருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நீலக் கான். போன கிழமை மருமகன் என்னை ஒரு பக்கமாய்க் கூப்பிட்டு, "மாமா, அந்த எண்ணெயில மிச்சம் இருக்கோ?" என்று மெதுவாய்க் கேட்டார். அரைக் கான் இருந்தது.

"தம்பி," என்று இங்கிருந்தே குரல் கொடுத்தேன், "பைப்பை விட்டிட்டுப் பூசுங்கோ."